கீரையும் குடியும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

நம் குழந்தைகளின் நடனமும் நாடகமும் திரைக்குப் பின்னே காத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றிற்கு முன்னே சிறிது நேரம் என்னைப் பேசுமாறு செயலாளர் பணித்தார். நான் மருத்துவன் அல்லேன். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இரயில்வே அலுவலகத்தில் எழுத்தர் நாற்காலியில் அமர்ந்தவன். பிறருடைய விடுப்புக் கணக்கையும் சம்பளக் கணக்கையும் பார்ப்பதே என் தொழில். ஆயினும் ஒரு செய்தியைச் சில ஆண்டுகளாகத் தேடித் தேடிப் படித்து வந்திருக்கிறேன். படித்ததை மருத்துவர் ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொண்டும் இருக்கிறேன். ஏன் தேடினேன் என்பதைப் பேச்சின் இறுதியில் சொல்லுவேன்.

என் பேச்சில் 'மார்பகப் புற்றுநோய்' என்ற சொல் பலமுறை வரும். ஆண்களும் பெண்களும் கூடிய அவையில் அச்சொல்லைச் சொல்லக் கூசுகிறோம். அந்தக் கூச்சம் நம் வீட்டுப் பெண்களுள் சிலரின் உயிரையே வாங்கிவிட்டது. ஆகவே இன்று ஒரு நாள் கூச்சத்தை ஒதுக்கி வைத்துக் கேட்குமாறு வேண்டுகிறேன்.

நம் குடியிருப்புகளில் இரண்டு பேச்சுகள் உலவுகின்றன. முதலாவது, குடிப்பவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் ஆறுதல்: "கீரையும் காயும் நன்றாகத் தின்றால் கொஞ்சம் குடித்தாலும் ஒன்றும் செய்யாது." இரண்டாவது, குடியாதவர் பிறரைப் பார்த்துச் சொல்லுவது: "அவள் குடித்தாள், அதனால் நோய் வந்தது." இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. முழு உண்மை இரண்டிலும் இல்லை. அரை உண்மையை முழு உண்மையாகக் கொள்வதால் விளையும் கேட்டைச் சொல்லவே நான் இங்கே நிற்கிறேன்.

முதலில் மது செய்யும் தீங்கைப் பார்ப்போம். பீராயினும், ஒயினாயினும், விஸ்கியாயினும், நாட்டுச் சாராயமாயினும் அவற்றிலுள்ள ஆல்கஹால் ஒன்றேதான். அது உடலுக்குள் சென்றதும் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சுப் பொருளாக மாறுகிறது. நம் உயிரணு ஒவ்வொன்றிலும் அதன் வேலைத்திட்டம் முழுவதும் எழுதி வைக்கப்பட்ட ஏடு போன்றது டி.என்.ஏ. அந்த ஏட்டை இந்த நஞ்சு சிதைக்கிறது. அன்றியும், மது பெண்ணின் உடலில் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பை மிகுவிக்கிறது. மார்பகத்தின் உயிரணுக்கள் அச்சுரப்பின் ஏவலால் பெருகுபவை. ஏடு சிதைந்த நிலையில் பெருக்கமும் மிகுமானால் நோய்க்கு வழி திறந்துவிடுகிறது அன்றோ?

பிரான்சு நாட்டின் லியோன் நகரில் உள்ள அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1988-ஆம் ஆண்டிலேயே மதுவைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. 2007-இல் கூடிய அதன் அறிஞர் குழு, மதுவால் வரும் புற்றுநோய்களுள் பெண்களின் மார்பகப் புற்றுநோயும் ஒன்று என்று முடிவு செய்தது. உலக சுகாதார நிறுவனம் 2023-இல், இவ்வளவு குடித்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை என அறிவித்தது.

தீங்கு எவ்வளவு? நான் கணக்கு எழுதுபவன், கணக்காகவே சொல்லுகிறேன். 30 மில்லி விஸ்கியிலோ, கால் லிட்டர் சாதாரண பீரிலோ ஏறத்தாழ 10 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. அதனை ஓர் அளவு என்று கொள்ளுங்கள். 53 ஆய்வுகளின் கணக்குகளை ஒன்றாகச் சேர்த்து 2002-இல் ஒரு முடிவு வெளியாயிற்று. வளர்ந்த நாடுகளில் மதுவையே தொடாத 1,000 பெண்களை எடுத்துக்கொண்டால், 80 வயதிற்குள் 88 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வருகிறது. நாள்தோறும் ஓர் அளவு குடிப்பவரானால் 94 பேருக்கு வருகிறது. இரண்டு அளவு குடிப்பவரானால் 101 பேருக்கு வருகிறது. நம் நாட்டில் இந்நோயின் எண்ணிக்கை இதனினும் குறைவு. ஆனால் ஏறுமுகம் அதே ஏறுமுகந்தான். இந்த மூன்று எண்களையும் நினைவில் வைத்திருங்கள். பின்னர் இவற்றிற்கு மீண்டும் வருவேன்.

இனிக் கீரையின் கதைக்கு வருகிறேன். இந்தக் கதை தொடங்கியது நம் பம்பாயில், மாட்டுங்காவிலிருந்து இரயிலில் சில நிமிடத் தொலைவிலுள்ள பரேலில் என்பது உங்களுள் பலருக்கு வியப்பளிக்கும். நான் பல்லாண்டுகள் அந்நிலையத்தின் வழியே போய் வந்தும் அறியாதிருந்தேன்.

1928-ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் இந்தியாவிற்கு வந்தார். பம்பாயின் நெசவாலைகளில் வேலை செய்த பெண்கள் கருவுற்ற காலத்தில் கடுமையான இரத்தச் சோகையால் வெளுத்து, வீங்கி, மடிந்துகொண்டிருந்தார்கள். அதன் காரணத்தைக் காண்பது அவர் பணி. பரேலிலுள்ள ஹாஃப்கின் நிறுவனத்தில் இருந்து அவர் ஆராய்ந்தார். அப்பெண்கள் என்ன உண்கிறார்கள் என்று கேட்டறிந்தார். காயும் கனியும் கீரையும் பருப்பும் போதிய அளவில் அவர்கள் உணவில் இல்லை. அவருடைய ஆராய்ச்சி நம் நாட்டிற்கும் வந்தது. 1929-இல் நீலகிரியின் குன்னூரிலுள்ள பாஸ்டர் நிறுவனத்திலும், 1931-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் பெண்களுக்கென இருந்த மருத்துவமனையிலும் அவர் பணியாற்றினார். அந்த மருத்துவமனையே பிற்காலத்தில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை எனப் பெயர் பெற்றது.

ஈரலிலிருந்து எடுத்த சத்து இந்நோயைத் தீர்த்தது. ஆனால் ஏழைப் பெண்களுக்கு அது எட்டாத விலை. மலிவான பொருள் ஒன்றைத் தேடிய வில்ஸ் அம்மையார், மார்மைட் என்னும் ஈஸ்ட் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார். சாகக் கிடந்த பெண்கள் எழுந்து நடந்தார்கள். 1931-இல் அவர் இதனை வெளியிட்டார். அச்சாற்றில் இருந்த பொருள் இன்னதென்று அன்று எவருக்கும் தெரியாது. ஆகவே அதனை 'வில்ஸ் காரணி' என்று அழைத்தார்கள்.

பத்தாண்டுகள் சென்றன. 1941-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் நான்கு டன் பாலக் கீரையைப் பிழிந்து, அதே வகைப் பொருளைச் சிறிதளவு பிரித்தெடுத்தார்கள். இலத்தீன் மொழியில் இலைக்கு 'ஃபோலியம்' என்று பெயர். இலையில் கிடைத்ததால் அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். 1945-இல் அதனைச் செயற்கையாகச் செய்து காட்டிய குழுவை நடத்தியவர், ஆந்திர நாட்டின் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் அவர்கள். பரேலில் தொடங்கிய தேடலை நம் சென்னையில் பயின்ற ஒருவரே நிறைவு செய்தார் என்று எண்ணும்போது உள்ளம் மகிழ்கிறது.

இதற்கும் மதுவிற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். ஃபோலேட் என்னும் இச்சத்துத்தான் டி.என்.ஏ. என்ற அந்த ஏட்டைப் புதிதாக எழுதவும், சிதைந்த இடத்தைச் செப்பனிடவும் வேண்டிய பொருளைத் தருகிறது. மதுவோ ஏட்டைச் சிதைப்பதோடு நிற்பதில்லை. குடல் இச்சத்தை உறிஞ்சுவதைத் தடுக்கிறது. ஈரல் இதனைச் சேமிப்பதைக் கெடுக்கிறது. சிறுநீர் வழியே இதனை வெளியேற்றவும் செய்கிறது. வீட்டைக் கொளுத்துபவனே கிணற்றுக் கயிற்றையும் அறுத்துச் செல்வது போன்றது இது. வில்ஸ் அம்மையார் பயன்படுத்திய மார்மைட், பீர் காய்ச்சும் தொட்டியில் எஞ்சும் ஈஸ்ட்டிலிருந்தே செய்யப்படுவது. அதைக் கேட்டு, "அப்படியானால் பீரிலும் அந்தச் சத்து இருக்குமே" என்று என் அலுவலக நண்பர் ஒருவர் மகிழ்ந்தார். இருக்கிற சத்தையும் கெடுக்கும் ஆல்கஹால் அதே புட்டியில் இருக்கிறதே என்றேன். அவர் பிறகு பேசவில்லை.

இனி, ஃபோலேட் மிகுதியாக உண்டால் மதுவின் தீங்கு குறையுமா? 1999-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. 88,818 செவிலியரைப் பதினாறு ஆண்டுகள் பின்தொடர்ந்து எழுதிய கணக்கு அது. நாள்தோறும் 15 கிராமோ அதற்கு மேலோ ஆல்கஹால் அருந்திய பெண்களுள், உணவாலும் மாத்திரையாலும் சேர்த்து 600 மைக்ரோகிராமுக்குக் குறையாமல் ஃபோலேட் பெற்றவர்களையும், 300-க்கும் குறைவாகப் பெற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். முன்னவர்களிடம் நோய் ஏறத்தாழப் பாதியளவே இருந்தது. பின்னர் வந்த ஆய்வுகளுள் சில இதனை ஒப்பின, சில ஒப்பவில்லை. ஆகவே, 'குறைக்கக்கூடும்' என்பதே அறிஞர் சொல்லும் சொல். 'குறைக்கும்' என்று அவர்கள் சொல்லவில்லை. 'நீக்கும்' என்று ஒருவருமே சொல்லவில்லை.

நம் அடுக்களையிலுள்ள வேறு பொருள்களையும் ஆராய்கிறார்கள். மஞ்சளிலுள்ள குர்குமின், வெங்காயத்திலுள்ள குவெர்செட்டின், முட்டைக்கோசிலும் முள்ளங்கியிலும் கடுகுக் கீரையிலும் உள்ள இண்டோல் வகைப் பொருள்கள் ஆகியவை ஆய்வுக் கூடத்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்க்கப்பட்ட புற்றுயிரணுக்களின் பெருக்கத்தைத் தடுத்திருக்கின்றன. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் கண்ணாடிக் கிண்ணம் வேறு, மனித உடல் வேறு. நாம் உண்ணும் மஞ்சளில் உள்ள குர்குமினில் மிகச் சிறு பங்கே இரத்தத்தில் சேர்கிறது. மஞ்சளைச் சமையலில் இடுங்கள், நல்லதே. அதனைக் குடிக்குப் பரிகாரமாக எண்ணாதீர்கள்.

மாத்திரை பற்றியும் ஓர் எச்சரிக்கை. சுப்பாராவ் அவர்களின் ஆய்வுக் கூடத்திலேயே ஃபோலிக் அமிலத்திற்கு எதிராக வேலை செய்யும் மருந்துகளும் தோன்றின. 1948-இல் அவற்றுள் ஒன்று குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகத் தணித்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் பின்னர் மார்பகப் புற்றுநோய்க்கும் மருந்தாயிற்று. இதிலிருந்து நாம் அறிவது யாது? நல்ல உயிரணுவைச் செப்பனிடும் சத்து, முன்பே தோன்றிவிட்ட கெட்ட உயிரணுவையும் வளர்க்கக்கூடும் என்பதே. கருவுற்ற பெண்கள் மருத்துவர் தரும் ஃபோலிக் அமில மாத்திரையைத் தவறாமல் உண்ண வேண்டும். மற்றவர்கள் கடையில் தாமாக வாங்கி அள்ளி விழுங்க வேண்டா. கீரையாகவும் பயறாகவும் உண்பதில் இந்த அச்சம் இல்லை.

நம் ஊருக்கு ஏற்ற வழியைச் சொல்லுகிறேன். மாட்டுங்காச் சந்தையிலும் செம்பூரிலும் தாராவியிலும் முளைக்கீரை, முருங்கைக்கீரை, வெந்தயக்கீரை எல்லாம் கிடைக்கின்றன. மராத்தியர் 'லால் மாட்' என்று கூவி விற்பது நம் சிவப்புத் தண்டுக்கீரையே. இந்தியாவில் வயது வந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு வேண்டிய ஃபோலேட் 220 மைக்ரோகிராம், கருவுற்றவளுக்கு 570. நூறு கிராம் பச்சைப் பாலக்கில் ஏறத்தாழ 140 முதல் 190 வரை இருக்கிறது. ஆனால் வேகவைத்த நீரைக் கொட்டிவிட்டால் அதில் பெரும்பங்கு சாக்கடைக்குப் போய்விடும். குறைந்த நீரில் சிறிது நேரமே வேகவைத்து, அந்நீரோடு மசித்து உண்ணுங்கள். தட்டைப்பயறும் கொண்டைக்கடலையும் பாசிப்பயறும் இச்சத்து மிக்கவை. இருப்புப்பாதை ஓரத்துப் பாத்திகளில் விளையும் கீரையையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். சாக்கடை நீர் பாய்ந்த கீரையை எத்தனை முறை கழுவினாலும் வேரின் வழியே ஏறிய ஈயம் போகாது. எங்கே விளைந்தது என்று கேட்டு வாங்குங்கள்.

ஆகவே முதற் பேச்சுக்கு விடை இதுதான். கீரை நல்லது, எல்லார்க்கும் நல்லது. குடிக்கும் பெண்ணுக்கு அது ஓரளவு காவலாகவும் அமையக்கூடும். ஆனால் குடியை விடுவதற்கு ஈடான காவல் வேறொன்றும் இல்லை. கீரையைக் காட்டிக் குடிக்க உரிமைச் சீட்டு வாங்க இயலாது.

இரண்டாம் பேச்சுக்கு வருகிறேன். முன்னே சொன்ன மூன்று எண்களை நினைவில் கொள்ளுங்கள்: 88, 94, 101. மதுவையே தொடாத ஆயிரம் பேரில் 88 பேருக்கு நோய் வந்தது. அவர்கள் செய்த குற்றம் என்ன? நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்குப் புதிதாக இந்நோய் கண்டதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். பெண்களுக்கு வரும் புற்றுநோய்களுள் இங்கு இதுவே முதலிடம் பெறுகிறது. அதே நாட்டில் மது அருந்தும் பெண்கள் எத்தனை பேர்? 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி நூற்றுக்கு 1.3 பேர், ஆண்களோ நூற்றுக்கு 18.8 பேர். ஆகவே நம் பெண்களுக்கு வரும் இந்நோயின் மிகப் பெரும்பங்கு மதுவால் வந்தது அன்று. வயது, பரம்பரை, முதற்குழந்தை பெற்ற காலம், பாலூட்டிய காலம், மாதவிடாய் நின்றபின் ஏறும் உடற்பருமன் எனப் பல காரணங்கள் உள்ளன. பல பெண்களிடம் காரணம் இன்னதென்று சுட்டவே முடிவதில்லை. குடித்த ஒருத்திக்கு நோய் வந்தாலும், அது அந்தக் குடியால்தான் வந்தது என்று எந்த மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல இயலாது.

இதனை நான் ஏன் தேடினேன் என்று சொல்லுவதாகக் கூறியிருந்தேன். எனக்கு ஓர் அத்தை இருந்தார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்து, தோல் பட்டறையில் நாள் முழுதும் உப்பிலும் நீரிலும் நின்று வேலை செய்தவர். என் பள்ளிச் சம்பளத்தைக் கட்டியவரும் அவரே. கைகால் குடைச்சல் தாங்காத இரவுகளில் சிறிது சாராயம் குடிப்பார். தெரு முழுவதும் அது தெரியும். அவர் கணவர் அன்றாடம் குடித்ததும் தெருவுக்குத் தெரியும். ஆயினும் அதனைப் பற்றி யாரும் பேசியதில்லை.

அத்தைக்கு மார்பில் ஒரு கட்டி தோன்றியது. எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. சேலையை நனைத்து நாற்றம் வந்தபின்தான் வீட்டில் அறிந்தோம். ஏன் மறைத்தீர்கள் என்று அழுதுகொண்டே கேட்டாள் என் தங்கை. "குடிகாரிக்கு வந்த சீக்குன்னுதான சொல்லுவாவ? எந்த மூஞ்சியோட ஆஸ்பத்திரிக்குப் போவேன், எய்யா?" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அவர் என்னைப் பார்த்தது காரணமில்லாமல் அன்று. நோயை அறிந்த அன்று நான் கேட்ட முதற் கேள்வி, "குடிச்சதுனாலதான அத்தை?" என்பதே. வலிக்கிறதா என்றுகூட நான் கேட்கவில்லை. அவர் எவருடைய வாய்க்கு அஞ்சினாரோ, அந்த வாய்களுள் என் வாயும் ஒன்று. பின்னர் மருத்துவம் நடந்தது. காலம் கடந்துவிட்டிருந்தது. ஓராண்டும் சில மாதங்களும் இருந்து மறைந்தார்.

அன்று நான் கேட்ட கேள்விக்கு விடை தேடியே இத்தனை ஆண்டுகள் படித்தேன். கிடைத்த விடை, அந்தக் கேள்வியே தவறானது என்பதுதான்.

காலத்தில் காண்பதால் என்ன பயன் என்பதையும் பரேலே நமக்குக் காட்டியிருக்கிறது. 1941-இல் திறக்கப்பட்ட டாட்டா நினைவு மருத்துவமனை, ஹாஃப்கின் நிறுவனத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ளது. அம்மருத்துவமனையார் 1998-இல் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். நம் மும்பையின் ஏழைக் குடியிருப்புகளில் 35 முதல் 64 வயது வரையுள்ள ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பெண்களை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினரை, பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் தொட்டுச் சோதித்தார்கள். விலையுயர்ந்த கருவி ஒன்றும் இல்லை. இருபதாண்டுக் கணக்கு 2021-இல் வெளியாயிற்று. சோதிக்கப்பட்டவர்களிடம் நோய் முற்றாத நிலையிலேயே மிகுதியாகக் காணப்பட்டது. எல்லா வயதினரையும் சேர்த்து நோக்குமிடத்து, இறப்பு குறைந்தது உறுதியாகச் சொல்லத்தக்க அளவில் இல்லை. ஆனால் ஐம்பதும் அதற்கு மேலும் வயதுடைய பெண்களிடம் இந்நோயால் வரும் இறப்பு ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது குறைந்தது. பயிற்சி பெற்ற ஒரு பெண்ணின் கை செய்த வேலை இது.

ஆகவே சங்கத்தாருக்கும் உங்களுக்கும் என் வேண்டுகோள்கள் மூன்று. ஆண்டுக்கு ஒரு நாள், பயிற்சி பெற்ற பெண் மருத்துவரையோ செவிலியரையோ அழைத்து, நம் குடியிருப்புப் பெண்களுக்குத் தனியறையில் சோதனை நடத்தச் சங்கம் ஏற்பாடு செய்ய வேண்டும். பொங்கல் விழாவிற்கு நன்கொடை திரட்டும் நாம் இதற்கும் திரட்ட முடியும். இரண்டாவது, ஆடவர்களுக்கு: குடிப்பவர் குடியை விடுங்கள், அந்தப் பணம் வீட்டுக்குக் கீரையாகவும் பயறாகவும் வரட்டும். மூன்றாவது நம் எல்லார்க்கும்: கட்டி இருக்கிறது என்று ஒரு பெண் சொன்னால், ஏன் வந்தது என்று கேளாதீர்கள். என்று மருத்துவரிடம் போகலாம் என்று கேளுங்கள். அன்றே உடன் செல்லுங்கள்.

அத்தையிடம் நான் கேட்கத் தவறிய கேள்வி அதுவே. உங்களுள் எவரும் அதனைத் தவறவிடலாகாது என்று வேண்டுகிறேன்.